டி.எஸ். பாலையா: வில்லன், அப்பா, வித்வான் – காட்சி காட்சியாகப் பார்ப்போம்

ரீல்பெட்டி:
பாலையாவைப் பற்றி எழுதினாலே படப்பட்டியல் போட்டு, "மறக்க முடியாத கலைஞர்" என்று முடித்துவிடுகிறார்கள். இந்த இழையில் அது வேண்டாம். எந்தக் காட்சியில் என்ன செய்தார், அது ஏன் எடுபட்டது என்று மட்டும் பேசுவோம்.

அடிப்படை விவரங்களை நானே போட்டுவிடுகிறேன். பிறப்பு 1914 ஆகஸ்ட் 23, தூத்துக்குடிப் பக்கம் சுண்டங்கோட்டை. மறைவு 1972 ஜூலை 22. நாடக மேடையிலிருந்து வந்தவர். முதல் படம் எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய சதி லீலாவதி (1936). எம்.ஜி.ஆர் அறிமுகமான அதே படம். அதில் எம்.ஜி.ஆருக்கு இன்ஸ்பெக்டராகச் சின்ன வேடம். பாலையாவுக்கோ கதாநாயகன் எம்.கே.ராதாவைக் குடிக்கு இழுத்துக் குடும்பத்தைக் கெடுக்கும் ராமநாதன் வேடம். கதையை நகர்த்துகிற வேடமே அதுதான். அடுத்த வருடம் டங்கனின் அம்பிகாபதியில் எம்.கே.தியாகராஜ பாகவதருக்கு எதிராக ருத்ரசேனன்.

என் கட்சி இது: வில்லன் பாலையா வேறு, சிரிக்கவைத்த பாலையா வேறு என்று பிரிக்கிறார்களே, அது சரியில்லை. இரண்டிலும் அவர் எடுத்துக்கொள்வது ஒரே மனிதனைத்தான்: தன்மேல் அசாத்திய நம்பிக்கை வைத்திருக்கிறவன். அந்த நம்பிக்கை ஊரைக் கெடுத்தால் வில்லன், சரிந்து விழுந்தால் சிரிப்பு. மாற்றுக் கருத்து இருந்தால் காட்சியோடு வாருங்கள்.

மேடைவெளிச்சம்:
நல்ல தொடக்கம். மேடையிலிருந்து வந்தவர் என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். அந்தத் தலைமுறை நடிகர்களின் குரலுக்கும் உடம்புக்கும் காரணமே நாடகக் கம்பெனிதான்.

சங்கரதாஸ் சுவாமிகள் காலத்துப் பாய்ஸ் கம்பெனிகளில் (சிறுவர்களே நடிக்கும் நாடகக் குழுக்கள்) வாத்தியார் பாடம் சொல்லுவார், பையன்கள் உரு ஏற்றுவார்கள். ஒரு வேடத்தோடு விடமாட்டார்கள், நாடகம் முழுவதும் பாடம். எவனுக்காவது காய்ச்சல் வந்தால் அன்றிரவு இன்னொருவன் அந்த வேடத்தில் இறங்கியாக வேண்டும். மைக் கிடையாது. தகரக் கொட்டகையில் கடைசித் தரை டிக்கெட்காரனுக்கும் சொல் விளங்க வேண்டும். அதற்குத் தொண்டையால் கத்தினால் ஒரே வாரத்தில் குரல் கட்டிவிடும். அடிவயிற்றிலிருந்து மூச்சு எடுத்து, வாக்கியத்தின் கடைசிச் சொல்லை விழுங்காமல் தூக்கி நிறுத்த வேண்டும். பாலையா பேசுகிற எந்த வாக்கியத்தையும் கேட்டுப் பாருங்கள், கடைசி அசை தேயாது.

இன்னொன்று மகரக்கட்டு. பையனுக்குக் குரல் உடையும் வயதில் ராஜபார்ட் (நாயகன் வேடம்), ஸ்திரீபார்ட் (பெண் வேடம்) எல்லாம் கையை விட்டுப் போய்விடும். நான்கு கட்டை, ஐந்து கட்டை என்ற உயர்ந்த சுருதியில் பாட முடியாதவனைக் கம்பெனி வில்லனாகவோ காமிக்காகவோ மாற்றும். தமிழ் சினிமாவின் முதல் முப்பது வருடத்தில் குணச்சித்திரத்துக்கு இவ்வளவு பலமான ஆட்கள் கிடைத்ததற்கு இது பெரிய காரணம். பாட்டுப் பயிற்சி முழுக்க இருக்கும், ஆனால் பாட்டை நம்பிப் பிழைக்க முடியாது, நடிப்பைத்தான் கூர்மையாக்க வேண்டும்.

கடைசிபெஞ்சு:
எல்லாம் சரி அண்ணா. ஆனால் காதலிக்க நேரமில்லை பேய்க்கதைக் காட்சிக்கு வாருங்கள். அது நாகேஷ் காட்சிதானே? அவர் கதை சொல்கிறார், பாலையா உட்கார்ந்து கேட்கிறார், அவ்வளவுதான். ஊரே அதை பாலையா காட்சி என்று கொண்டாடுவது எனக்குக் கொஞ்சம் அதிகமாகப் படுகிறது.

எடிட்டிங்மேசை:
கடைசிபெஞ்சு தம்பி, அந்தக் காட்சியை ஒருமுறை ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள். நாகேஷ் கையைக் காலை ஆட்டுவது மட்டும் தெரியும், கதை புரியாது. ஆனால் பாலையா முகத்தைப் பார்த்தால் எந்த நொடியில் என்ன நடக்கிறது என்று தெரிந்துவிடும்.

வரிசையைக் கவனியுங்கள். நாகேஷின் செல்லப்பா, படம் எடுக்கப் பணம் கேட்கிற பையன். அவன் அப்பா விஸ்வநாதன், அதாவது பாலையா, பணக்கார எஸ்டேட் முதலாளி, மகன்மேல் துளி நம்பிக்கை கிடையாது. அதனால் கேட்க உட்காரும்போது முகத்தில் இருப்பது அலட்சியம். அடுத்து, கதை எங்கேயோ போகிறதே என்ற ஆர்வம். அதற்கப்புறம்தான் பயம். பயத்திலும் படி இருக்கிறது: முதலில் கண் மட்டும், பிறகு கழுத்து, பிறகு தோள், கடைசியில் உடம்பு முழுக்க. படி தாண்டிக் குதிக்கவே மாட்டார். இதே காட்சியைக் கலை நிகழ்ச்சிகளில் செய்கிறவர்கள் சறுக்குவது இங்கேதான். முதல் சத்தத்திலேயே துள்ளிவிடுகிறார்கள், அதற்குமேல் ஏற இடமில்லை.

நாகேஷ் தருவது பெரும்பாலும் கதையே இல்லை, சத்தங்கள்தான். கேட்பவன் பயந்தால்தான் சொல்பவன் கெட்டிக்காரன் ஆகிறான். இருவரும் ஒரே பிரேமில் வருகிற இடங்களில் வெட்டிச் சமாளிக்க வழியே கிடையாது. பதில் பாவம் அரை நொடி முந்தினால் பாடம் பண்ணியது தெரியும், அரை நொடி பிந்தினால் சிரிப்பு செத்துவிடும். பாலையா சத்தம் முடிந்த பிறகு ஒரு இமை நேரம் விட்டுத்தான் அதிர்கிறார். மனிதன் நிஜமாகப் பயப்படும்போது அப்படித்தான்: காது கேட்கும், மூளை வாங்கும், அப்புறம் உடம்பு. அந்த இமை நேரம்தான் அவர் சரக்கு.

இந்தியில் பியார் கியே ஜா (1966) என்று எடுத்தார்கள். மெஹ்மூதும் ஓம் பிரகாஷும். ஓம் பிரகாஷ் சாமானியர் இல்லை. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், கேட்கிற ஆள் மாறினால் காட்சியின் ருசியே எப்படி மாறுகிறது என்று தெரியும்.

மேடைவெளிச்சம்:
அதே படத்தில் "அசோகர் உங்க மகரா?" இருக்கிறதே, அதையும் பார்த்துவிடுவோம். வேலையை விட்டு நிறுத்தப்பட்ட அசோக், பெரிய பணக்காரர் மகன் என்று விஸ்வநாதன் நம்பிவிடுகிற இடம். அதுவரை ஏளனமாகப் பேசிய வாய் திடீரென்று மரியாதைக்குத் தாவுகிறது. வேகத்தில் பெயருக்கும் "ர்", மகனுக்கும் "ர்". எழுதியது இயக்குநர் ஸ்ரீதர், எழுத்தாளர் கோபு கூட்டணியின் குறும்பு. ஆனால் படிக்கும்போது அது வெறும் எழுத்துச் சிலேடை. அதை நகைச்சுவை என்று காட்டிச் சொல்லியிருந்தால் கெட்டுப் போயிருக்கும். பாலையா மனப்பூர்வமான பவ்யத்தோடு சொல்கிறார். விஸ்வநாதனுக்குத் தான் உளறியது தெரியவே தெரியாது. சிரிப்பு நமக்கு, கவலை அவருக்கு. குரலும் அங்கே ஒரு படி இறங்கும், உடம்பு முன்னால் வளையும்.

ரீல்பெட்டி சொன்ன கட்சிக்கு இது நல்ல சாட்சி. பணத்தின்மேல் இருந்த கர்வம் அப்படியே பணத்தின்மேல் பக்தியாக மாறுகிறது. ஆள் மாறவில்லை.

சுருதிப்பெட்டி:
திருவிளையாடலுக்கு (1965) யாரும் இன்னும் வரவில்லை என்பதால் நான் வருகிறேன். ஹேமநாத பாகவதராகப் பாலையா பாண்டியன் சபையில் பாடும் "ஒரு நாள் போதுமா". குரல் பாலமுரளிகிருஷ்ணா, இசை கே.வி.மகாதேவன், வரிகள் கண்ணதாசன். மாண்டில் தொடங்கி தோடி, தர்பார், மோகனம், கானடா என்று ராகம் மாறிமாறிப் போகிற ராகமாலிகை. தோடியிலிருந்து ஒவ்வொரு ராகத்தின் பெயரும் அந்தந்த அடியிலேயே ஒளிந்திருக்கும்.

இந்தப் பாட்டுக்கு வாயசைப்பது எவ்வளவு கடினம் என்று பலருக்குத் தெரியாது. பாலமுரளியின் பிருகா (அதிவேகமாக உருளும் சுர வரிசை) ஒரே மூச்சில் கொட்டுகிறது. திரையில் அதை வெறும் உதட்டால் செய்தால் மூன்று இடத்தில் மாட்டிக்கொள்வோம். ஒன்று, கழுத்து அசையாது. குரல்வளை அசையாத கழுத்திலிருந்து பிருகா வருவதை ரசிகன் கண் ஒப்பாது. இரண்டு, மூச்சு. பாடகர் மூச்சு வாங்கும் இடத்தில் நடிகரின் மார்பு ஏறவில்லை என்றால் பொய் தெரியும். மூன்று, தாளம். கை போடுகிற தாளம் ஒரு அட்சரம் (தாள அலகு) தவறினாலும் சங்கீதம் தெரிந்தவர்கள் எழுந்து போய்விடுவார்கள்.

பாலையா இந்த மூன்றிலும் மாட்டாமல் தப்பிக்கிறார். அதற்குமேல், கர்வத்தையும் நடிக்கிறார். கடினமான சங்கதி (ஒரே அடியை விதவிதமாக மாற்றிப் பாடுவது) முடிந்ததும் சபையை ஒரு பார்வை பார்க்கிறாரே, எவனுக்குப் புரிந்தது என்று எண்ணுகிற பார்வை, அது பாட்டுக்காரர்களை நெருக்கத்தில் கவனித்தவனுக்குத்தான் வரும்.

எடிட்டிங்மேசை:
சுருதிப்பெட்டி ஐயா சொன்னதன் தொழில்நுட்பப் பக்கம். பாட்டு முன்பே பதிவாகி, செட்டில் ஒலிபெருக்கியில் ஓடும். படம் நொடிக்கு 24 பிரேம். இரண்டு பிரேம் தள்ளினால் நொடியில் பன்னிரண்டில் ஒரு பங்கு. தூர ஷாட்டில் மறைந்துவிடும், முகத்துக்கு அருகே போனால் உறுத்தும். குறிப்பாக ப, ம போன்ற உதடு மூடுகிற எழுத்துகளில் தப்பவே முடியாது. சரி செய்ய ஒரே வழி, நடிகர் செட்டில் வாய்விட்டு நிஜமாகவே பாடுவது. அப்போதுதான் கழுத்து நரம்பும் மூச்சும் தானாக வரும். குரல் நன்றாக இருக்க வேண்டியதில்லை, நேரம் சரியாக இருந்தால் போதும்.

அந்தத் தலைமுறைக்கு இது இயல்பு. 1938இல் நந்தகுமாரில் பின்னணிக் குரல் வரும்வரை தமிழ்ப் படத்தில் பாட்டும் படப்பிடிப்பிலேயே நேரடிப் பதிவு. பக்கவாத்தியக்காரர்கள் கேமராவில் விழாத மூலையில் இருப்பார்கள். மைக்கை விட்டு முகத்தைத் திருப்பினால் குரல் தேய்ந்துவிடும், மறுபடி முதலிலிருந்து எடுக்க வேண்டும். அந்தச் சூழலில் தொடங்கியவருக்கு 1965இன் பிளேபேக் பெரிய தடையாக இருக்க நியாயமில்லை.

ரீல்பெட்டி:
பாட்டை மட்டும் பேசிவிட்டு இரவுக் காட்சியை விட்டுவிட்டீர்களே! பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் விறகு விற்ற படலம். இறைவன் விறகாளாக வந்து பாட, போட்டியில் எதிரே நிற்க வேண்டிய பாடகர் பாணபத்திரரால் தள்ளப்பட்ட சீடனே இப்படிப் பாடினால் பாணபத்திரர் எப்படிப் பாடுவார் என்று ஏமநாதன் இரவோடு இரவாக ஓடிவிடுகிறான். காலையில் பாண்டிய நாட்டையே தன் இசைக்கு அடிமையாக எழுதிக் கேட்ட அதே ஆள்.

படத்தில் விறகாளாக வரும் சிவாஜி பேசப் பேச, பாலையா முகத்தில் நடப்பது பேய்க்கதைக் காட்சியின் அதே ஏணி. முதலில் விறகுவெட்டிதானே என்ற இளக்காரம். பிறகு சந்தேகம். பிறகு கணக்குப் போடுகிறார்: இவனே இப்படியென்றால் குரு எப்படி? கணக்கு முடிந்ததும்தான் பயம். பயத்தோடு ஒரு வித்வானின் ரசனையும் இருக்கிறது, அதுதான் அழகு. எதிராளியின் பாட்டு உயர்ந்தது என்று அறியத் தெரிந்த காது அவனுக்கு இருக்கிறது. அதனால்தான் அந்தப் பாத்திரம் வெறும் கோமாளி ஆகவில்லை.

தவிலடி:
தில்லானா மோகனாம்பாளுக்கு (1968) என் பங்கு. கொத்தமங்கலம் சுப்புவின் கதை, ஏ.பி.நாகராஜன் இயக்கம், பாலையா தவில் வித்வான் முத்துராக்கு. நாதஸ்வர வாசிப்பு எம்.பி.என்.சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களுடையது.

சிவாஜியும் ஏ.வி.எம்.ராஜனும் நாதஸ்வரம் பிடித்த அழகை எல்லோரும் பேசுவார்கள். தவிலைப் பற்றிப் பேச ஆள் குறைவு. தவிலில் வலந்தலை பெரிய பக்கம், கூடு மாட்டிய விரல்களால் வாசிப்பது. தொப்பி சிறிய பக்கம், குச்சியால் அடிப்பது. கட்டை பலாமரம், குச்சி பூவரசு. வாசிக்கத் தெரியாத நடிகர் தவிலைத் தொட்டால் நடப்பது இதுதான்: இரண்டு கையும் ஒரே நேரத்தில் விழும், முழங்கை தூக்கித் தூக்கி அடிப்பார், தோள் ஆடும். உண்மையான தவில்காரருக்கு வலது கையில் வேலையெல்லாம் மணிக்கட்டிலும் விரலிலும்தான், தோள் அசையாது.

திரைக்கு ஒரு நடைமுறை வழி உண்டு. விரல் சொற்கள் வேகத்தில் கண்ணுக்குப் பிடிபடாது. ஆனால் குச்சி விழுவதையும் அந்தக் கனத்த நாதத்தையும் எல்லோரும் சேர்த்துப் பார்த்துவிடுவார்கள். அதனால் தொப்பி அடி மட்டும் பிசகாமல் விழுந்தால் மற்றதை ரசிகன் மனம் நிரப்பிக்கொள்ளும். பாலையா கைகளைவிட முகத்தில் அதிகம் வாசிக்கிறார். நாயனக்காரர் சங்கதியை எங்கே கொண்டுபோகிறார் என்று அவர் மூச்சையே பார்த்துக்கொண்டு, தீர்மானத்துக்கு (வாசிப்பை முடித்துவைக்கும் சொற்கட்டு) தயாராகும் கண் இருக்கிறதே, அது தவில்காரர் கண். தனி வாசிப்பவர் மாதிரி சபையைப் பார்த்திருந்தால் கெட்டிருக்கும்.

கடைசிபெஞ்சு:
நாகேஷ் விஷயத்தில் எடிட்டிங்மேசை சொன்னதை ஏற்கிறேன், அந்த ஒரு இமை நேரம் உண்மை. ஆனால் ரீல்பெட்டி அண்ணனின் கட்சி முழுதாக நிற்கவில்லை. பாகப்பிரிவினை (1959) அண்ணன் வேடத்தில் கர்வம் எங்கே? அங்கே அவர் நொந்துபோன மனிதர். எஸ்.வி.சுப்பையா தம்பி, எம்.ஆர்.ராதா கலகம் மூட்டுபவர். குடும்பம் பிரியும்போது அண்ணனும் தம்பியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாமல் தவிக்கிறார்கள். அதில் வில்லனும் இல்லை, காமெடியும் இல்லை. வேலைக்காரி (1949) மணி? கே.ஆர்.ராமசாமிக்கு யோசனை சொல்கிற அறிவாளி நண்பன். அதையும் உங்கள் கணக்கில் சேர்க்க முடியாது.

ரீல்பெட்டி:
நியாயமான அடி. வேலைக்காரி மணியில் தன்னம்பிக்கை இருக்கிறது, அது சரிவதில்லை, அவ்வளவுதான். பாகப்பிரிவினை என் கணக்குக்கு வெளியே நிற்கிறது என்பது உண்மை. ஆனாலும் அங்கே அவர் கையாளும் கருவி அதேதான் என்று சொல்வேன்: எதிராளி பேசும்போது கேட்பது. சுப்பையா உணர்ச்சியை வெளியே கொட்டுகிற நடிகர். அவருக்கு எதிரே இன்னொருவரும் கொட்டினால் காட்சி கூச்சலாகிவிடும். பாலையா வாங்கிக்கொள்கிறார்.

வில்லன் காலத்துக்கு தூக்குத்தூக்கி (1954) பாருங்கள். வடநாட்டு சேட்டாக, இந்தி வாடைத் தமிழில். கொச்சை பேசுகிற வேடங்களில் பொதுவாக நடக்கும் கோளாறு, உச்சரிப்பு ஒரு வாக்கியத்துக்கு ஒரு மாதிரி இருப்பது. பாலையாவுக்கு எங்கே திரிக்க வேண்டும், எங்கே விளங்க வேண்டும் என்ற அளவு தெரியும். வேகமாகப் போகிற வசனத்திலும் கதைக்கு வேண்டிய சொல் மட்டும் தெளிவாக விழும். மதுரை வீரன் (1956) நரசப்பனில் அந்த விளையாட்டு இல்லை, நேரான பொறாமை.

அரிதாரம்:
ஒப்பனையைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் குணச்சித்திர நடிகனுக்குப் பாதி வேலை அங்கே. மேடையில் முத்துவெள்ளை, அரிதாரம், சாதிலிங்கம் என்ற வண்ணப் பொடிகளைத் தேங்காயெண்ணெயில் குழைத்துத் தடவுவார்கள். கண்ணுக்கு மை, புருவம் தடிமன். தூரத்திலிருந்து பார்ப்பவனுக்காகச் செய்தது. அதே கனத்தோடு கேமரா முன் வந்தால் முகத்தில் சுருக்கமே அசையாது, முகமூடி மாதிரி இருக்கும். கறுப்பு-வெள்ளைக்கு பான்கேக் என்ற முகப்பூச்சை ஈரப் பஞ்சில் மெல்லிசாகத் தடவுவது, கலருக்கு இன்னும் குறைப்பது என்று வழக்கம் மாறியது. காதலிக்க நேரமில்லை ஈஸ்ட்மென் கலர். பேய்க்கதைக் காட்சியில் அந்தக் கன்னமும் தாடையும் அப்படி வேலை செய்கின்றன என்றால் மேலே பூச்சு கனமில்லை என்று அர்த்தம்.

ஒட்டு மீசை தாடிக்கு: கிரேப் முடியை (ஒட்டுவதற்கான பின்னல் முடி) நனைத்து நீட்டி உலர்த்தி, ஸ்பிரிட் கம் என்ற பசையைத் தடவி, அது பிசுபிசுப்புக்கு வந்த பிறகு கொத்துக் கொத்தாக வைத்து, ஈரத்துணியால் அழுத்தி, கடைசியில் கத்தரிப்பது. தாடியைக் கீழிருந்து மேலாக ஒட்ட வேண்டும். கம் அதிகமானால் விளக்கில் பளபளக்கும். வியர்வை பட்டால் முதலில் கிளம்புவது உதட்டின் இரு ஓரம்தான், பேசும்போது ஓயாமல் அசைகிற இடம் அது. அதனால் விவரம் தெரிந்த நடிகர்கள் ஒட்டு மீசையோடு வாயை அகலத் திறந்து சிரிப்பதைத் தவிர்ப்பார்கள். பழைய படங்களில் வில்லன்கள் பல்லைக் கடித்துப் பேசுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

வயதான வேடத்துக்கு ஒப்பனையை மட்டும் நம்பக் கூடாது என்பதற்கு வி.கே.ராமசாமி சாட்சி. 1926இல் பிறந்தவர், நாம் இருவர் (1947) வரும்போது வயது 21. அதில் கள்ளச்சந்தைக் கிழவர் வேடம். நரை தலையில் இருந்தது, கிழத்தனம் இடுப்பிலும் பேச்சின் இழுவையிலும் இருந்தது.

மேடைவெளிச்சம்:
அப்பா வேடங்களில் பாமா விஜயத்தை (1967) விட்டுவிடக் கூடாது. கே.பாலசந்தர் படம். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், மூன்று மகன்கள், மூன்று மருமகள்கள், பக்கத்து வீட்டுக்கு சினிமா நடிகை குடிவருகிறாள். வீடே ஆட்டம் போடும்போது ஆடாமல் நிற்கிற ஒரே ஆள் இவர். இந்தக் கதையை இந்தியில் தீன் பஹுரானியான் (1968) என்று எடுத்தபோது இந்த வேடத்துக்கு பிருத்விராஜ் கபூரைப் போட்டார்கள். வேடத்தின் கனம் அதிலேயே தெரியும்.

அதே வருடம் ஊட்டி வரை உறவு. வெளியே கௌரவமான கோவைப் பணக்காரர் வேதாசலம், உள்ளே இன்னொரு குடும்பத்து ரகசியம். மனைவிக்கு ஒரு குரல், மகனுக்கு ஒரு குரல், மகளென்று வந்து நிற்கும் கே.ஆர்.விஜயாவுக்கு ஒரு குரல். அறைக்குள் யார் நுழைகிறார்கள் என்பதைப் பொறுத்து, வாக்கியத்தின் பாதியிலேயே குரலை மாற்றுவார். கடைசிபெஞ்சு, இதை வேண்டுமானால் கண்ணை மூடிக் கேட்டுப் பாருங்கள், யார் உள்ளே வந்தார்கள் என்று சொல்லிவிடலாம்.

கடைசிபெஞ்சு:
கேட்கிறேன் ஐயா. புதிதாகத் தொடங்குகிற ஆளுக்கு எந்த வரிசையில் பார்க்கச் சொல்வீர்கள்? என் தங்கை மகன் நடிப்புப் பயிற்சியில் சேர்ந்திருக்கிறான், அவனுக்கு அனுப்பத்தான்.

எடிட்டிங்மேசை:
வெளியான வரிசையில் வேண்டாம், பழைய பிரிண்டுகளின் ஒலி அவனை விரட்டிவிடும். முதலில் காதலிக்க நேரமில்லை. பேய்க்கதைக் காட்சியை மூன்று தடவை: ஒருமுறை முழுதாக, ஒருமுறை ஒலி இல்லாமல், ஒருமுறை படத்தைப் பார்க்காமல் ஒலி மட்டும். அடுத்து திருவிளையாடல், பாட்டையும் இரவுக் காட்சியையும் ஒரே மூச்சில். அதன்பின் ஊட்டி வரை உறவு குரலுக்காக, பாகப்பிரிவினை அமைதிக்காக. இவ்வளவும் முடித்துவிட்டு தூக்குத்தூக்கிக்கும் மதுரை வீரனுக்கும் போகட்டும். அப்போது அந்த வில்லன் நடிப்பு மிகையாகத் தெரியாது.

தவிலடி:
தில்லானாவை விட்டுவிட்டீர்கள்! ஊட்டி வரை உறவுக்கும் பாகப்பிரிவினைக்கும் நடுவில் வையுங்கள். பையனிடம் சொல்லுங்கள், கோயில் போட்டிக் காட்சியில் சிவாஜியையும் பத்மினியையும் பார்க்காமல் ஓரத்தில் முத்துராக்குவை மட்டும் பார்க்கச் சொல்லி. கேமரா தன்மேல் இல்லாத நேரத்திலும் வாசித்துக்கொண்டிருப்பார்.